மார்ச் ஒன்றாம் தேதியிட்ட தாள்

டான்யூப் நதிக்கரையில் எங்கள் சிறை. அங்கே யாருக்கு என்ன வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது என் பொறுப்பு. காவலர்களுக்கான தாளை இரண்டு வருடமாக நான் திருத்தவில்லை. என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் ஒவிதியு என்ற கைதி மூன்று நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. மனைவி விவாகரத்துக் கேட்டிருந்தாள். காவலர் கவ்ரிலா அதைக் கவனித்து நர்ஸிடம் சொன்னார். அவள் மனநல ஆலோசகரிடம் சொல்லச் சொன்னாள். ஆலோசகர் விடுப்பில் போயிருந்தார். அவர் இல்லாதபோது யாரிடம் சொல்வது என்று எந்தத் தாளிலும் இல்லை. நான்காம் நாள் காலை ஒவிதியு தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தான்.

துணை இயக்குநர் துர்கானு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"திங்கக்கிழமை விசாரணைக்கு வர்றாங்க, கோர்னெலியா. கைதி சாப்பிடலைன்னா காவலர் எழுத்துல தெரிவிக்கணும்னு ஒரு வரி சேருங்க. தேதி மார்ச் ஒண்ணு."

"அவர் வாயால சொன்னாரே சார்."

"வாயால சொன்னது காத்தோட போச்சு. நீங்க எழுதாம விட்டது தெரிஞ்சா உங்க தலைதான் உருளும். கவ்ரிலாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். கண்டிச்சு விட்டுடுவாங்க."

எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதினேன்.

கவ்ரிலா வாசல் அறையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய தாளைக் கண்ணாடி மாட்டி இரண்டு முறை படித்தார்.

"மார்ச்சுல இப்படி ஒரு தாள் வரவே இல்லையே, மேடம்?"

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் கிடைச்சேனா? சரி, நீங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க. பேனாவைக் குடுங்க."

அவர் திட்டியிருந்தால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நீட்டிய கையைப் பார்த்ததும் முடியவில்லை. தாளைப் பிடுங்கி நான்காகக் கிழித்தேன்.

"விடுங்க, அண்ணே. இது என் தப்பு."

விசாரணையில் உள்ளதைச் சொன்னேன். மார்ச் தேதி போடச் சொன்னதையும் சொன்னேன். துர்கானு மறுத்தார், அவர் பேச்சைத்தான் நம்பினார்கள். கவ்ரிலாமீது நடவடிக்கை இல்லை. என்னைப் பதவி இறக்கி வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றினார்கள்.

கிளம்பும் நாளில் ஒவிதியுவின் அம்மா அவன் துணிமணிகளை வாங்க வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எம்புள்ள சாப்பிடாம கெடந்தது இங்க ஒருத்தருக்கும் தெரியாதாம்மா?"

"தெரியும்," என்றேன். "எங்க எல்லாருக்கும் தெரியும்."

அவள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.