சுட்டி அவிழ்க்காத முடிச்சு

சென்னியம்மாளின் எருமை கிணற்றில் விழுந்துவிட்டது என்று, பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லிலிருந்து போன் வந்தால், தீயணைப்பு நிலையத்தில் மற்றவர்கள் முனகிக்கொண்டே பூட்ஸைத் தேடுவார்கள். இசக்கிமுத்து மட்டும் சட்டைப் பையில் பென்சில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான்.

அவன் உடன்குடிக்காரன். பனங்காட்டு மணலில் வளர்ந்தவனுக்கு வேலை கிடைத்தது கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில். எழுபத்தேழாம் வருசம் ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினான். அவன் வாயைத் திறந்தாலே டீக்கடையில் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்தத் தெற்கத்திப் பேச்சை இன்னொரு தரம் பேசச் சொல்லி ஆசையாகத்தான் சிரித்தார்கள். அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு கவிதை எழுத ஆரம்பித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சலூனில் கிடக்கும் பழைய பத்திரிகைகளைப் படித்துத்தான் கவிதை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டான். அதனாலோ என்னவோ, அவன் எழுதியதெல்லாம் ஒருத்தர் முடிவெட்டி எழுவதற்குள் படித்து முடிக்கிற நீளத்திலேயே இருந்தது.

சங்கடம் என்னவென்றால், அறையில் உட்கார்ந்தால் ஒரு வரியும் வராது. நிலாவைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், ஸ்டேஷன் வாசலில் தொங்கும் மணியைக்கூடப் பார்த்தான். ம்ஹூம். கயிற்றில் தொங்கிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினால் மட்டும், பொந்திலிருந்து புறா கிளம்புகிற மாதிரி சொற்கள் படபடவென்று வரும். அந்தப் பக்கத்துக் கிணறு ஒவ்வொன்றும் பாறையை வெட்டி இறக்கிய பெரிய வீடு மாதிரி. உள்ளே ஒன்று சொன்னால் சுவரில் மோதித் திரும்பி வரும். அவன் பேச்சைத் திருப்பிச் சொல்லியும் சிரிக்காத ஒரே இடம் அதுதான்.

ஆனால் அடிக்கடி யாராவது கிணற்றில் விழ வேண்டுமே. அப்படி வேண்டிக்கொள்வதும் பாவம். அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது சென்னியம்மாளின் எருமை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் பெயரே சுட்டி. முளைக்குச்சியில் எந்த முடிச்சைப் போட்டுக் கட்டினாலும் அவிழ்த்துவிடும். பலகாரத்தை ருசி பார்க்கிற மாதிரி முடிச்சை முதலில் நிதானமாக நக்கும். ஊறியதும் நுனியைப் பல்லில் பிடித்துத் தலையை ஒரு வெட்டு வெட்டும். அவிழ்ந்தால் நேராகத் தோட்டத்துக் கிணறு. படி இடிந்துகிடக்கிற பக்கமாகத் தொப்.

இசக்கிமுத்து இறங்கி, பழைய கான்வாஸ் ஹோஸை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துக் கட்டுவான். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கல்தூண்கள் மேலே நின்றன. அதில் உருளையை மாட்டி ஆட்கள் இழுப்பார்கள். கட்டி முடிக்கிறவரைக்கும் அவன் தன் வரிகளைச் சொல்லிப் பார்ப்பான். ஹோஸ் வயிற்றில் பட்டதும் சுட்டி ஒரு கத்துக் கத்தும். நன்றி சொல்கிறது என்று இவன் எடுத்துக்கொள்வான். மேலே நின்றவர்களோ, பயர்காரர் மந்திரம் போட்டு எருமையை ஏற்றுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயி தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, சோறு தின்ன மாட்டேன் என்கிறது, கொஞ்சம் ஓதிவிடுங்கள் என்று நின்றாள். இசக்கிமுத்து கூச்சத்தோடு நாலு வரி சொன்னான். குழந்தை அன்றைக்கு இரண்டு கிண்ணம் தின்றதாம்.

வண்டி ஓட்டும் அப்துல் சலாம் சேலத்துக்காரர். அவருடைய மச்சான் ஆத்தூரில் ரைஸ் மில் வைத்திருந்தார். அந்த ஊரில் பொங்கலன்று நடக்கும் கவியரங்கத்தில் சலாம் மச்சானிடம் சொல்லி இசக்கிமுத்துவின் பெயரைச் சேர்த்துவிட்டார். தலைப்பு 'விடுதலை'. மைக்குக்கு முன்னால் நின்று, தன் பேச்சில் படித்து, ஜனங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஊரைவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு வேறு ஆசை கிடையாது. கவிதையும் ஏறக்குறைய ஆகிவிட்டது.

கயிறு இறங்கியது, நான் இறங்கினேன்.
இருட்டில் இரண்டு கண்கள்.
பயப்படாதே என்றேன்.
பயந்தது நான்தான்.
மேலே வா, வெளிச்சம் இருக்கிறது,
விடுதலை இருக்கிறது என்றேன்.

கடைசியாக ஒரு வரி வேண்டும். அது மட்டும் வரவில்லை. சுட்டி இன்னொரு தரம் குதித்தால் வந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சென்னியம்மாளே நிலையத்துக்கு வந்தாள். தனியாளாகத் தோட்டம் பார்க்கிறவள், வெட்டிப் பேச்சுக்கு வருகிறவள் அல்ல. சுட்டியை விற்கப்போகிறாளாம். வண்டி வேறெங்காவது தீயணைக்கப் போயிருக்கும் நேரத்தில் அது குதித்துச் செத்துப்போனால் தன்னால் தாங்க முடியாது என்றாள். ஆத்தூரிலிருந்து மணியன் என்று ஒருவர் வியாழக்கிழமை வந்து பிடித்துப் போகிறார்.

"அவரு வார வரைக்கும் அது கட்டுன எடத்துல நிக்கோணுமுங்க, சாமி. கெணத்துல கெடக்கற எருமைய ஆருங்க வாங்குவாங்க? உங்க பயர் முடிச்சு ஒண்ணு வந்து போட்டுக்குடுங்க."

இசக்கிமுத்து சரி என்று தலையாட்டினான். கேட்டுக்கொண்டிருந்த சலாம், அவள் போனதும் யோசனை சொன்னார்.

"தொளதொளன்னு ஒண்ணு போட்டுட்டு வாங்க கவிஞரே. அது அவுக்கும், குதிக்கும். உங்களுக்கு வரி, எனக்கு டிரிப்பு."

அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனான். ஆனால் கயிற்றைக் கையில் எடுத்ததும் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஆள் உயிரைத் தொங்கவிடப் பழகிய கை தொளதொள முடிச்சுப் போடுமா? பயிற்சியில் சொல்லிக்கொடுத்த நாற்காலி முடிச்சில் ஆரம்பித்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் தானாக யோசித்த ஒன்று என்று எருமையின் கழுத்துப் பக்கமும் முளைக்குச்சிப் பக்கமும் போட்டு முடித்தான். பார்க்க இரண்டு பலாப்பிஞ்சு மாதிரி இருந்தது. சுட்டி நக்கிப் பார்த்தது. கடித்துப் பார்த்தது. பிறகு இசக்கிமுத்துவை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவனால் இரண்டு நாள் மறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவனுக்கு டியூட்டி இல்லை. சுட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று காலையிலேயே போனான். வாங்க வருகிறவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று சென்னியம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி எருமையைக் கழுவி வைத்திருந்தாள். மணியன் தோளில் புதுக் கயிறோடு வந்தார். சுற்றி வந்து பார்த்தார், பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், பேச்சு முடிந்தது. இனிப் பழைய கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக் கயிறு போட வேண்டியதுதான்.

கழற்ற முடியவில்லை. அது கத்தாழை நார்க் கயிறு. குளித்த தண்ணீரில் ஊறி, முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. சென்னியம்மாள் நகத்தை உடைத்துக்கொண்டாள். மணியன் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். கடைசியில் இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை எடுத்தார். சென்னியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். மாட்டை விற்றாலும் அதன் கயிறு விற்றவர் வீட்டிலேயே தங்க வேண்டும். அதைக் கொடுக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. அறுத்தால் மாட்டுப்பட்டியே அற்றுப்போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. போட்டவரே அவிழ்க்கட்டும் என்று இரண்டு பேரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

அவன் எருமையின் கழுத்தடியில் மண்டியிட்டு, வலதுகை விரல்களை முடிச்சுக்குள் நெம்பி நெம்பி நுழைத்தான். மூன்று பேர் கண்ணும் முடிச்சிலேயே இருந்தது. முளைக்குச்சியை யாரும் பார்க்கவில்லை. குடம் குடமாக ஊற்றிய தண்ணீரில் அது நின்ற மண் கூழாகிக் கிடந்தது. சுட்டிக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. தலையை ஒரு வெட்டு வெட்டியது. குச்சி சேற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்தது, முடிச்சு இசக்கிமுத்துவின் விரல்களை இறுகக் கவ்வியது, எருமை கிணற்றைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் கூடவே ஓடினான். அப்புறம் ஓடவும் தரை இல்லை.

அன்றைக்குச் சேகோ மில்லிலிருந்து சென்னியம்மாள் போட்ட போனைச் சலாம் ஓய்வு பெறுகிறவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"ஏனுங்க, எங்க எருமை உங்க ஆளையும் கூட்டிக்கிட்டுக் கெணத்துல குதிச்சுருச்சுங்க."

கிணற்றுக்குள் தண்ணீர் நிறைய இருந்தது. இசக்கிமுத்து ஒரு கை முடிச்சிலும் ஒரு கை எருமை முதுகிலுமாக மிதந்தான். சுட்டி அவனை இழுத்துக்கொண்டு, கோயில் தெப்பம் மாதிரி மெதுவாகச் சுற்றி வந்தது. கத்தவில்லை, தவிக்கவில்லை, மூக்கால் சுகமாக மூச்சு விட்டது. கயிறும் ஹோஸும் இல்லாமல், காப்பாற்றுகிற அவசரம் இல்லாமல், அவன் அதை இப்படிப் பார்த்ததே கிடையாது. இது விழுந்த மாடு இல்லை. வேண்டும் என்று வந்த மாடு. அப்படியானால் ஹோஸ் வயிற்றில் பட்டபோதெல்லாம் அது கத்தியது எதற்கு?

தேடிய கடைசி வரியை அவன் வாய்விட்டுச் சொன்னான். கிணறு திருப்பிச் சொன்னது.

மேலே வண்டி வந்து நின்றதும், கயிற்றை அறுக்கக் கூடாது என்று சென்னியம்மாள் கத்தினாள். அதனால் ஒரே ஹோஸில் எருமையையும் ஆளையும் சேர்த்துக் கட்டி இழுத்தார்கள். இழுத்த பிறகும் கை வரவில்லை. வெயிலில் கயிறு காய்ந்தால்தான் வரும் என்று ஆயிற்று. இசக்கிமுத்து எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சென்னியம்மாள் அதற்கு வைக்கோலும் இவனுக்குக் களியும் கொண்டுவந்து வைத்தாள். மணியன் தன் புதுக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் எருமை வாங்க வந்தேம்மா. நீச்சல் வாத்தியார் வாங்க வரல" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

வலதுகை சிறையிலிருந்ததால், வரியைச் சலாமை எழுதிக்கொள்ளச் சொன்னான். அவர் எழுதி, ஒருமுறை படித்து, எருமையைப் பார்த்து, மறுபடி படித்தார். மத்தியானத்துக்கு மேல் முடிச்சு இளகிக் கை வந்தது. சென்னியம்மாள் கயிற்றைப் பத்திரமாக எடுத்து மாட்டி வைத்தாள். இனி எந்த முடிச்சுப் போட்டுக் கட்டுவது என்று கேட்டாள்.

"எப்பவும் போடுத முடிச்சே போடுங்கம்மா. அந்த இடிஞ்ச படிய நானும் சலாம் அண்ணனும் வந்து சரிபண்ணித் தாரோம். அது இறங்கட்டும், ஏறட்டும்."

"அப்பறம் உங்களுக்கு இங்க என்னங்க சாமி வேலை?"

"சும்மா வாறேன்" என்றான்.

பொங்கலன்று ஆத்தூர் மைக்குக்கு முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தான். 'பயந்தது நான்தான்' என்ற இடத்தில் கூட்டம் சிரித்தது. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தான். பிறகுதான், அது சிரிக்க வேண்டிய இடம்தான் என்று புரிந்தது. மூச்சை இழுத்துவிட்டுக் கடைசி வரிக்கு வந்தான்.

மீட்டேன் என்றேன் நான். பிடித்துவிட்டாய் என்றது அது.

பின்வரிசையில் மணியன் எழுந்து, பக்கத்திலிருந்தவரிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"நெசந்தான்யா. அந்த எருமைய நான் பாத்தேன். அதுவேதான் சொல்லிச்சு."