பட்டியலில் இல்லாத வக்கீல்

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. வக்கீல்கள் பட்டியலைப் பிரதி எடுத்துவிட்டு, அசலை ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியிலேயே விட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போனால் காணோம். பெயரும் நேரமும்தானே, போகட்டும்.

நாட்குறிப்பில் இப்படி எழுதியவள், பகலில் மருந்துக்கடையிலும் மாலையில் தட்டச்சு வகுப்பிலும் இருப்பவள். எதற்கும் வரிசை எண் போடுவாள். போட்டபின் சரிதானா என்று மூன்று தடவை குழம்புவாள்.

அம்மாவின் தையல் அறைக்கு இருக்கும் ஒரே வழி பொதுச் சந்து. அது தன்னுடையது என்கிறார் சித்தப்பா. சனிக்கிழமை சுவர் எழுப்பப் போகிறார், செங்கல் இறங்கிவிட்டது. அதற்குள் தடை உத்தரவு வாங்கியாக வேண்டும்.

புதன் காலை, பட்டியலின் முதல் வக்கீல் தன் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் சித்தப்பா நேத்தே வந்து சந்துப் பேப்பரைக் காட்டி யோசனை கேட்டுட்டாரேம்மா. ஒரு பக்கம் யோசனை சொல்லிட்டு மறுபக்கம் நான் நிக்க முடியாது."

மாலையில் இரண்டாமவரும் அதையே சொன்னார். வியாழக்கிழமை பக்கத்து ஊரில் மூன்றாமவர் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. மேஜையில், அவளுக்கு முன்னால் வந்துபோனவர் குடித்த டீ டம்ளர். அடியில் மிச்சம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

வீடு திரும்பியபோது சித்தப்பா செங்கல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி குட்டி, அலைஞ்சு அலைஞ்சு கருத்துட்டியே! நாளைக்குப் பத்தரைக்குத்தானே நாலாவது ஆளு? பஸ்ஸை விட்டுடாத."

உள்ளே தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"பத்தரைன்னு யார்கிட்டடி சொன்ன?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லலம்மா. எழுதித்தான் வெச்சேன்."

ஜெராக்ஸ் கடைக்காரர் சித்தப்பாவுக்குச் சகலை. அது தெரிந்தும்தான் போனாள்; ஊரில் வேறு கடை இல்லை. அவள் வரிசை போட்டுக் கொடுத்தாள், அந்தப் பட்டியலை வைத்துச் சித்தப்பா வரிசையாகப் போய் வந்திருக்கிறார். வெளியே குழாய்த் தண்ணீர் செங்கல்லில் சளசளவென்று விழுந்துகொண்டே இருந்தது.

மார்ச் 14, வியாழன். அது சின்னத் தவறில்லை. நாளைய வேலை: ஐந்தரை மணி பஸ். பட்டியலில் இல்லாத ஊர். கோர்ட் வாசலில் முதலில் சரியென்று சொல்லும் வக்கீல். வீட்டுப் பத்திரத்தின் அசலைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். இங்கே பிரதி எடுக்கக் கூடாது.