வெந்நீர்த் தொட்டியின் விளிம்பு

கொரியாவின் குன்சான் துறைமுகத் தெருவில் தானே புதிதாக மாற்றி வடிவமைத்த பழைய பொதுக் குளியல் நிலையத்தில், தானே எழுதி மாட்டிய பலகையைப் படிக்க முடியாமல், வெந்நீர் என்று நம்பிக் குளிர்நீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை இறங்கினார் பியோ சங்-உக். அன்று மறுதிறப்பு நாள். நாற்பத்தாறு வயது, உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. வாயிலிருந்து வந்த சத்தமும் அந்த வயதுக்குரியதாக இல்லை.

பலகையைக் குறை சொல்ல முடியாது. சாம்பல் கல்லில் சாம்பல் எழுத்து, மெலிசாக. குளிக்க வருகிறவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆவிக்குள் நடந்து வருவார்கள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டே வரைந்தவர்.

"தண்ணி எப்படி இருக்கு, டிசைனர் சார்?" என்றார் டாக். அங்கே வருகிறவர்களுக்கு முதுகு தேய்த்துவிடுகிறவர். "காலையிலேருந்து நாலு பேர் இப்படி இறங்கிட்டாங்க. சத்தத்துல நீங்கதான் முதல்."

முதலாளி மா கிபொம் வெந்நீரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேல் மாடியில் பெண்கள் பகுதி பாக்கி. அந்த வேலை தனக்கு உண்டா என்று கேட்கத்தான் பியோ வந்திருந்தார். வந்ததும் கேட்டார். "முதல்ல முட்டை சாப்பிடுங்க" என்று சுட்ட முட்டை ஒன்றை நீட்டினார் மா.

வெளியே ஏறி நடுங்கிக்கொண்டு நின்றபோதுதான் பியோ கவனித்தார். ஒவ்வொரு தொட்டியிலும் ஆட்கள் பூனை மாதிரி கால் விரலை விட்டுப் பார்த்தார்கள். மூலையிலிருந்த மூலிகைத் தொட்டியில் மட்டும் பேச்சை நிறுத்தாமல் நேராக இறங்கினார்கள். புதுக் கல் போதாமல் பழைய பீங்கான் ஓடுகளோடு அப்படியே விட்டுவைத்த தொட்டி அது.

போய் விளிம்பில் கால் வைத்தார். பாதத்துக்கு அடியில், ஓட்டிலேயே புடைத்து, நெருக்கமாகச் சின்னச் சின்னக் குமிழ்கள்.

"எல்லாத் தொட்டியிலயும் இப்படி இருந்துச்சா?"

"தண்ணி எவ்வளவு சூடோ, விளிம்புல குமிழ் அவ்வளவு நெருக்கமா இருக்கும். குளிர்நீர்த் தொட்டிக்கு வரி வரியா இருக்கும்" என்றார் டாக். "முப்பத்தெட்டு வருஷமா இங்க தேய்க்கறேன். எது வெந்நீர்னு ஒருத்தர் கேட்டதில்ல. இன்னிக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்குது."

"யார் செஞ்சது?"

"யாருக்குத் தெரியும்? பேரெல்லாம் எங்கயும் போட்டுக்கல."

'பொருந்தாத பழைய ஓடுகள்' என்று அறிக்கையில் எழுதி, உடைத்து அள்ளச் சொன்னவர் பியோதான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அந்த விளிம்பின் மேலேயே நடந்தார். எவரோ ஒருவர் ஈரக்கால்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்து வரைந்திருக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரின் பாதங்கள் அதைப் படித்திருக்கின்றன, படிக்கிறோம் என்றே தெரியாமல். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தத் தடவை குளிரால் இல்லை.

வெந்நீரில் மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மேல் மாடிக்கு டிசைனர் வேண்டாம், கொத்தனாரே போதும்னு நினைக்கறீங்களா? முட்டை வேண்டாம், நேரா சொல்லுங்க."

மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போதாது. கொத்தனார் நான் சொல்றதைச் செய்வார். இந்தக் குமிழ் இருந்ததே எனக்கு இப்ப டாக் சொல்லித்தான் தெரியும். எனக்குத் தோணாததை யோசிக்க ஒரு ஆள் வேணும். நேத்து வரைக்கும் அது நீங்க இல்ல. கீழ உடைச்சதைத் திரும்ப வைங்க. அப்புறம் மேல் மாடி உங்களுக்குத்தான்."