சிவப்பரிசியின் துவர்ப்பு

காலிதீனின் மில்லில் தீட்டிய அரிசிக்கு நற்பிட்டிமுனையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அப்படி ஒரு வெள்ளை. இரண்டு தரம் தீட்டுவார், மனம் ஆறாவிட்டால் மூன்றாம் தரமும் போடுவார். தவிடு மாட்டுக்கு, அரிசி மனிசனுக்கு என்பது அவருடைய கட்சி. அதில் யாரும் குறுக்கே கதைக்கக் கூடாது.

அவருடைய மனைவி சுபைறாவுக்குச் சீனி வருத்தம் வந்து கண் மங்கத் தொடங்கியபோது, கிளினிக்கில் டொக்டர் இருவரையும் இருத்திச் சொன்னார்.

"குளிசையோட சாப்பாட்டையும் பாருங்க. சிவப்பரிசி, தீட்டாம, சும்மா குத்தினது. அந்தச் சிவப்புத் தோலில நாவல்பழத்தில இருக்கிற மாதிரித் துவர்ப்புச் சத்து இருக்கு. அதோட தவிடும் சேர்ந்தா சோறு மெதுவாத்தான் சீனியாகும். அதையும் அளவாத்தான் தின்னணும்."

சுபைறா உடனே தலையாட்டினாள். காலிதீனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இருபத்திரண்டு வருடம். வந்த நாள் தொட்டு அந்த அடுப்பில் வெந்தது அவர் தீட்டிய வெள்ளை அரிசி. மில்லுக்காரன் பெண்சாதி தவிட்டுச் சோறு தின்கிறாள் என்று, பக்கத்து வளவில் இருக்கும், அவளுக்கு மூத்த ராத்தா பரீனா ஊரெல்லாம் சொல்ல மாட்டாளா?

மனிசன் சிவப்பு நெல் வாங்கினார், அதில் குறை சொல்ல முடியாது. வாங்கிய நெல்லைக் குத்தி, வழக்கம்போல மூன்று தரம் தீட்டினார். அரிசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புக் கோடு மிஞ்சியது.

"சிவப்புத்தானே?" சுபைறா சுளகைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஓம் புள்ள, சிவப்பு நெல்லுத்தான்."

"துவர்க்கும் எண்டாரே டொக்டர். ஒண்டும் தெரியல்லியே."

"நல்ல நெல்லு. அதுதான்."

அவள் நம்பினாள். மருந்துச் சோறுதானே என்று இன்னொரு அகப்பை கேட்டாள். போட்டவரும் இவர்தான். கிளினிக்கில் கேட்டால், "சிவப்பரிசிதான் டொக்டர், ஒரு நாளும் தவறல்ல" என்று பெருமையாகச் சொல்வாள். டொக்டர் நெற்றியைச் சுருக்கிக் குளிசையைக் கூட்டுவார். பக்கத்தில் காலிதீன் தன் செருப்பைப் பார்த்தபடி இருப்பார். அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தார். நினைத்து நினைத்தே மூன்று வருடம் போனது.

தொண்ணூற்றாறில் ஊரெல்லாம் கரண்ட் வெட்டு. ஒரு நாள் நெல்லைக் குத்தி முடித்ததும் மில் நின்றுவிட்டது. வீட்டில் அரிசி இல்லை. தீட்டாத அரிசியையே காலிதீன் கொண்டுபோனார். சுபைறாவுக்கு அப்போது கோப்பையின் விளிம்பு மட்டும்தான் தெரியும், அதிலுள்ள சோறு தெரியாது.

ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது.

"துவர்க்குது," என்றாள்.

காலிதீனின் கை பிசைந்த சோற்றிலேயே கிடந்தது.

"இஞ்சாருங்க, இதானா சிவப்பரிசி?"

"ஓம்."

"அப்ப மூணு வருஷமா நான் திண்டது?"

"தீட்டித் தந்தன் புள்ள. நீ தவிட்டுச் சோறு தின்னுறதப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சு."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். கையால் கோப்பையைத் தடவிப் பார்த்து, டொக்டர் சொன்ன அளவுக்கு வைத்துக்கொண்டு, சோற்றில் பாதியை ஓரத்தில் ஒதுக்கினாள்.

"டொக்டர்ட்ட நான் பொய் சொன்னவளாப் போனனே," என்றாள். "வாற கிளினிக்கில நீங்க கதைக்கணும்."

அடுத்த கிளினிக்கில் டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சுபைறா, கணவர் இருக்கும் பக்கம் என்று நினைத்து முகத்தைத் திருப்பினாள். அங்கே சுவர்தான் இருந்தது. காலிதீன் மறுபக்கம் இருந்தார்.

அவர் எழும்பி நின்றார். "தீட்டாத சிவப்பரிசி இந்த மாசத்திலிருந்துதான் டொக்டர். அதுக்கு முந்தி எல்லாம் நான் தீட்டின அரிசி. அவ ஒண்டும் அறியா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"முந்தியே சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவர், சுவரைப் பார்த்தபடி இருந்த சுபைறாவைக் கண்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார்.