எலிகள் தாமாகச் செத்த மாதம்

இப்ராஹீம் ராவுத்தரின் அரிசிக் கடையில் எலிகள் தாமாகவே சாகத் தொடங்கியபோது, சிரங்கூன் ரோட்டில் அதற்காக வருந்தியவர் ஒருவரும் இல்லை. பொறி வைத்து, பூனை வளர்த்து, பாஷாணம் கலந்து அலுத்துப்போன மனிதர் ராவுத்தர். இப்போதோ காலையில் கதவைத் திறந்தால் மூட்டைகளுக்கு நடுவே எலிகள் மல்லாந்து கிடந்தன. கடியும் இல்லை, காயமும் இல்லை.

"அல்லா கண்ணத் தொறந்துட்டான் தம்பி," என்றார், மாடியில் குடியிருந்த இராஜரத்தினத்திடம். "ஒனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ. நீதான் அறுத்துப் படிக்கிற புள்ளயாச்சே."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான் இராஜரத்தினத்துக்கு இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வைத்தியம் படிக்க வந்தவன் அவன். முதல் வருஷத்தில் நோயாளியின் முகத்தையே காட்டமாட்டார்கள். செடி, தவளை, எலி என்று உயிரினங்களைப் பற்றிய பாடம்தான். முட்டை என்ற சொல்லைக்கூடத் தணிந்த குரலில் சொல்லும் சைவ வீட்டில் வளர்ந்த பிள்ளை, பரீட்சையில் எலியை அறுக்கச் சொன்னதும் கை நடுங்கி, குடலைக் கிழித்து, தோற்றுப்போனான். மறுபடி தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். ஊரிலோ இப்போதே அவனை டாக்குத்தர் என்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தோற்றுத் திரும்பித் தன் வீட்டு ஒழுங்கைச் சந்துக்குள் நடப்பதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று அவன் நினைத்தான், உண்மையாகவே நினைத்தான்.

அக்கா குணவதியின் வீட்டில்தான் தங்கியிருந்தான். அத்தான் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்கர்; காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். தம்பி செத்த எலியோடு படியேறியதைக் கண்டதும் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பின் விறாந்தையைக் காட்டினாள்.

"அங்க வச்சு அறு. உன்ரை சோதினை முடியட்டும், பிறகு வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளிக்கிறன்."

"பலகையை நான் கழுவுறன், அக்கா."

"நீ போய்ப் படி. கழுவத் தெரிஞ்ச ஆள்!"

அன்றிலிருந்து தினமும் ஒரு எலி. கை நடுக்கம் போயிற்று. தோலை உரித்து ஊசி குத்தி விரிப்பதில் அவனுக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது. ஒரு நாள் காலை, கழுத்துப் பக்கம் கத்தி வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் விரித்திருந்த பாடப் புத்தகம் சரிந்து விழுந்தது. அவன் கால் அதில் பட்டுவிட்டது. சரஸ்வதி அல்லவா? குனிந்து, புத்தகத்தைத் தொட்டு, அந்த விரல்களை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். யோசித்துச் செய்த காரியமா அது? தமிழ்ப் பிள்ளைக்குத் தூக்கத்தில்கூட வரும் காரியம். விரல் நுனிகளில் எலி ரத்தம் ஈரமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தவன் அப்படியே நின்றான். எலியின் கழுத்தில், தாடைக்குக் கீழே, நெறிக்கட்டிகள் கறுத்துச் சிவந்து புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தன. பம்பாயிலிருந்து வந்த சாடி ஒன்றில் ஊறவைத்த எலியில் பேராசிரியர் இதைக் காட்டியிருக்கிறார். பிளேக் என்னும் கொள்ளைநோய் கண்ட எலி.

கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் கண்ணைக் கழுவினான். எரிந்தது, மறுபடியும் கழுவினான். எலியை அடுப்பு நெருப்பில் போட்டு எரித்தான். அப்புறம் விறாந்தைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தான். வெளியே சொன்னால் முனிசிபாலிட்டி ஆட்கள் வருவார்கள். ராவுத்தர் கடைக்குப் பூட்டு. மாடியில் இருப்பவர்களைத் தோணியில் ஏற்றித் தீவுக் கொட்டகையில் அடைத்துவிடுவார்கள். பரீட்சையோ அடுத்த வாரம்.

சொல்லாவிட்டால்? போவது என் உயிர்தானே, என் கண்தானே என்று கணக்குப் போட்டான். நல்ல கணக்கு! இப்படிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்த வீட்டில் தங்களைத் தவிர வேறு ஆளே தெரிவதில்லை. நோயைப் பரப்புவது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி, எலி செத்துக் குளிர்ந்ததும் அது வேறு உடம்பைத் தேடும் என்று பேராசிரியர் சொன்ன நாளில் அவன் வகுப்பில்தான் இருந்தான். சோதினைக்கு வராத விஷயம் என்று காதில் வாங்கவில்லை.

"இனி எலி வேண்டாம் அக்கா, போதும்," என்று மட்டும் சொன்னான்.

அதன்பின் கண்ணாடியே கதி என்று கிடந்தான். இமையை விரித்துப் பார்ப்பான், காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் தடவுவான். கீழே ராவுத்தர் செத்த எலிகளைச் சாக்கடையில் தள்ளுவது சன்னல் வழியே தெரியும், பார்க்காதவன்போல் திரும்பிக்கொள்வான்.

"என்னடாப்பா எந்த நேரமும் கண்ணாடிக்கு முன்னால?" என்று அக்கா சிரித்தாள். "பொம்பிளை பாக்கப் போறியோ?" கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றை நிறுத்திக் காலைச் சொறிந்தாள். "இந்த விறாந்தையில ஒரே தெள்ளு. உனக்குக் கடிக்கேல்லையோ?"

"இல்லை," என்றான். அவன் கவனமெல்லாம் தன் இடது இமையில் இருந்தது.

பரீட்சை நாளன்று சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் வாசலில் நின்று கைகூப்பினான். இன்றைக்கு மட்டும் விட்டுவிடு தாயே, சாயந்தரமே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டினான். உள்ளே யாரோ பறிகொடுத்தவள்போல் அழுதுகொண்டிருந்தாள். அவன் நிற்காமல் நடந்தான்.

மேசையில் எலி. கை நடுங்கவில்லை. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இவ்வளவு சுத்தமான வேலையை இந்த வருஷம் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, அங்கேயே கைகொடுத்தார். கண் தெளிந்திருந்தது, காய்ச்சல் இல்லை, பரீட்சையும் தேறியாயிற்று. டிராமில் உட்கார்ந்து அவன் தனக்குள் சிரித்தான். தப்பிவிட்டேன் என்று நினைத்தபோது நெஞ்சு லேசாகிக் கண்ணீர்கூட வந்துவிட்டது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நேரே முனிசிபாலிட்டிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தான்.

அவன் தலையைக் கண்டதுமே அக்கா மாடிப்படி இறங்கி வந்தாள், கையில் சர்க்கரைக் கிண்ணத்தோடு. ஒவ்வொரு படியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"பாஸோ?"

"பாஸ், அக்கா."

"முருகா!" ஒரு கரண்டி சர்க்கரையை அவன் வாயில் போட்டாள். அவள் விரல் கன்னத்தில் பட்டது. கொதித்தது.

"ஏன் நொண்டுறீங்கள்?"

"அதொண்டுமில்லை. தொடையிடுக்கில நெறி கட்டியிருக்கு. காலில எங்கயோ சிராம்பு குத்தியிருக்கும். நேத்தையில இருந்து உடம்பும் காயுது." நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பெருமையோடு அவனைப் பார்த்தாள். "வேற டாக்குத்தரிட்டப் போகாமல் உனக்காகத்தான் காத்திருந்தனான். நீயே பார்த்துச் சொல்லு, தம்பி. முதல் நோயாளி நானாத்தான் இருக்கவேணும்."

வாயில் சர்க்கரையோடு அவன் குனிந்து அவள் காலைப் பார்த்தான்; கணுக்காலில் தெள்ளுக்கடிகள் சிவந்திருந்தன.