காதில் விழாத வரை

கமலநாதன் குனிந்து தேர்ச்சக்கரத்தடியில் கட்டையைத் தள்ளும்போது இடுப்பில் செருகியிருந்த போன் ஏழாவது முறையாகத் துடித்தது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. அண்ணிதான். அண்ணனுக்கு 'இன்னிக்குத் தாண்டாது' என்று டாக்டர் விடியற்காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

அண்ணன் தம்புசாமி முப்பத்தொரு வருஷம் மலேசியாவின் கிள்ளான் கோயில் தேருக்குக் கட்டை போட்டவர். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைதான். கமலநாதனுக்கு மூன்று துணிக்கடை இருந்தும் கோயிலில் இன்றுவரை 'தம்புவோட தம்பி'தான். அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகே கட்டை கைக்கு வந்தது. சாவுச் செய்தி காதில் விழுந்தால் அந்த நிமிஷமே தீட்டு. கட்டையை வைத்துவிட்டு நடக்க வேண்டும். ஒரு வருஷம் கோயில் பக்கம் வர முடியாது. அதற்குள் வேறொருவன் கை பழகிவிடும்.

ஆனால் கேட்காத செய்திக்குத் தீட்டு ஏது? சேலை விற்றுப் பழகியவருக்கு இந்தச் சந்து போதும்.

"போன் அடிக்குதுண்ணே," என்றான் வடத்தின் முன்வரிசையில் நின்ற அய்யாவு.

"கடையிலேர்ந்துலா. சரக்கு எறங்கியிருக்கும்."

"எடுத்துத்தான் பேசுங்களேன்."

"சாமிய நிக்க வச்சிட்டா? நீ வடத்தப் பாரு."

தெருமுனையில் தேர் சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. கமலநாதன் இடது சக்கரத்தில் ஒரே தள்ளு. சொன்ன பேச்சுக் கேட்டுத் தேர் திரும்பியது.

"அசல் தம்பு அண்ணன் கை," என்றான் அய்யாவு. "அவரே வந்து போட்ட மாதிரி இருக்கு."

கமலநாதனுக்கு வாய் கசந்தது. படுத்த இடத்திலிருந்தே இந்தப் பேரையும் வாங்கிக்கொண்டுவிட்டாரே மனுஷன்.

அண்ணன் வீட்டுத் தெரு. பக்கத்து வீட்டு அர்ச்சனைத் தட்டுக்காகத் தேர் நின்றது. கட்டையை வைத்து நிமிர்ந்தபோது, அண்ணன் வீட்டு கேட்டருகே அண்ணி லோகேஸ்வரி. தலை கலைந்திருந்தது.

"தம்பி..."

கமலநாதன் சக்கரத்தை விட்டு நகரவில்லை. அண்ணியின் பார்வை இறங்கி, சக்கரத்தடியில் குங்குமப் பொட்டோடு இருந்த கட்டையில் நின்றது. முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. தேர நல்லபடியா கொண்டுபோய்ச் சேத்துட்டு வாங்க. அவரும் அதத்தான் கேட்டுக்கிட்டே..."

முடிக்காமல் உள்ளே போனார். கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினார்.

தீபாராதனை முடிந்து மேளம் எழும்பியது.

"கட்டைய எடுங்கண்ணே," என்றான் அய்யாவு.

கமலநாதன் குனிந்தார். கட்டையின்மேல் வைத்த கை வைத்தபடியே இருந்தது. வடம் இரண்டு முறை விறைத்துத் தளர்ந்தது. தேர் அசையவில்லை.