பதினோரு நெஞ்சுவலி

ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் இறப்புப் பதிவேடு எழுதுகிறவன் நான், பால்ச்சாமி. இரண்டு வருடத்தில் பதினோரு இளவட்டங்களுக்கு நெஞ்சுவலி என்று எழுதினேன். ஒருவனுக்கும் முப்பது தாண்டவில்லை. எல்லோர் முழங்கை மடிப்பிலும் ஊசித் தழும்பு. எனக்குத் தெரியும், சாவு வீட்டுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளதை எழுதினால் போலீஸ் வரும், ஆஸ்பத்திரியில் உடலை அறுப்பார்கள். அறுத்த உடலை எங்கள் பக்கம் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள், அப்படியே சுடுகாட்டுக்குத்தான். பெற்றவள் குளிப்பாட்டக்கூட முடியாது. அதனால் கையைப் பிடித்துக் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன். யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. புண்ணியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

1991இல் ஆடிப்பூரத் தேர் முடிந்த வாரம், அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருந்த அரவிந்தவல்லி டாக்டரம்மா ஆபீசுக்கு வந்தார்.

“போதை ஊசியில எத்தனை பேர் இறந்திருக்காங்க? கணக்கு இருந்தா மெட்ராஸுக்கு எழுதி, இங்கயே வைத்தியம் பார்க்க அஞ்சு படுக்கை கேட்கலாம்.”

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். “அப்படி யாரும் இல்லங்கம்மா.”

பொய் எழுதியது தெரிந்தால் வேலை போய்விடும். அந்தப் பயம்தான், வேறு நியாயம் எதுவும் இல்லை. என் தம்பி கண்ணுச்சாமியும் அதே ஊசிக்காரன். அதனாலேயே ராஜபாளையத்தில் மில் வேலையை விட்டவன். இரண்டு முறை மதுரைக்குக் கூட்டிப்போய், படுக்கை இல்லை என்று திரும்பி வந்திருந்தோம். அவனை வீட்டில் வைத்துக்கொண்டுதான் ‘யாரும் இல்லை’ என்றேன்.

கார்த்திகையில் அவன் செத்தான். கொல்லையில், ஊசி கையிலேயே இருந்தது.

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “ஏலே, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தியே. ஒந்தம்பிய மட்டும் அறுக்க விடுவியா?”

கையை விலக்கிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவனை அறுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். அம்மா இன்றுவரை என்னோடு பேசவில்லை.

காரியம் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் போய், மற்ற பதினோரு பேரைப் பற்றியும் சொல்லி அழுதேன். அவர் பதினோரு பெயரையும் குறித்துக்கொண்டார்.

“ஒரு சாவை வச்சு எதுவும் கேட்க முடியாது. அந்த வீட்டுக்காரங்க உள்ளதை எழுதிக் குடுத்தா, சேர்த்து அனுப்பிப் பார்க்கிறேன்.”

வேலை போனால் போகட்டும் என்று வீடு வீடாகப் போனேன். பத்து வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கடைசி வீடு தளவாய்புரம் ரோட்டில், பொன்னுராஜின் தாய் சண்முகத்தாய் வீடு. அவன் போன அன்று என் காலில் விழப் பார்த்தவள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். நான் கொடுத்த இறப்புச் சான்றிதழ்.

“எம்மவன் நெஞ்சுவலியிலதான் செத்தான். நீங்கதான எழுதிக் குடுத்திய?”

கீழே என் கையெழுத்து தெளிவாக இருந்தது. வாசல்படியில் அவளுடைய இளைய மகன் உட்கார்ந்திருந்தான். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். நான் பார்ப்பதைக் கண்டதும், மணிக்கட்டுப் பித்தானையும் போட்டுக்கொண்டான்.